கோடையில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து

ராபர்ட்ஸ் ஒரு சாதாரண ஆசாமி. பிரிட்டனில் ஏதோ ஒரு பொட்டல்வெளியில் கூடாரம் போட இடம் வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர். மனைவி, இரண்டு குழந்தைகள், வாசலில் ஒரு சின்ன வீடு. ஒரு கோடையில் அவருடைய மைதானத்தில் கூட்டம் அலைமோதுகிறது. வந்தவர்கள் ஒருவரும் சரியாக உடுத்தவில்லை. வயசான ஆண் ஒருவர் பூப்போட்ட பெண்கள் இரவு உடையில் உலவுகிறார். இன்னும் இருவர் வாடகைக்காக கார் சக்கரத்தின் மூடி அளவுக்குத் தங்க நாணயத்தை நீட்டுகிறார்கள். ராபர்ட்ஸுக்குச் சந்தேகம் வருகிறது. கேள்வி கேட்கிறார். உடனே எங்கிருந்தோ முளைத்த ஒருவர் கோலை நீட்டி ஒரு வார்த்தை சொல்கிறார். ராபர்ட்ஸின் முகம் தெளிகிறது. கேட்ட கேள்வியே அவருக்கு மறந்துபோகிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை இப்படிச் செய்யவேண்டியிருக்கிறது என்று கோல்காரர் அலுத்துக்கொள்கிறார்.

அன்றிரவு முகமூடி அணிந்த கும்பல் ஒன்று ராபர்ட்ஸையும் குடும்பத்தையும் தூக்கத்திலிருந்து எழுப்பி அந்தரத்தில் தொங்கவிட்டு வேடிக்கை காட்டுகிறது. கடைசிக் குழந்தை அறுபதடி உயரத்தில் பம்பரமாய்ச் சுற்றுகிறது. கீழே கூட்டம் சிரிக்கிறது. மறுநாள் காலை, ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்துக் கையசைக்கும் ராபர்ட்ஸ், மங்கிய கண்களோடு கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறார். மாதமோ ஆகஸ்ட். பெரிய விஷயத்தை மறக்கடித்தால் கொஞ்ச நேரம் அப்படித்தான் குழம்பும், சரியாகிவிடும் என்று ஒரு நல்ல மனிதர் தன் பிள்ளைகளுக்கு விளக்குகிறார்.

ஜே.கே. ரோலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையில் நான்காவது நாவலில் (2000) வரும் காட்சி இது. ராபர்ட்ஸுக்கு நேர்ந்தது எதுவும் குற்றவாளிகள் மட்டும் செய்தது அல்ல. தொங்கவிட்டவர்கள் குற்றவாளிகள். மறக்கடித்தவர்கள் அரசு ஊழியர்கள். அவர்கள் நிறைவேற்றியது ஒரு சட்டத்தை.

அந்தச் சட்டத்தின் பெயர் சர்வதேச ரகசியச் சட்டம். மந்திரவாதிகளின் சர்வதேசக் கூட்டமைப்பு 1689இல் கையெழுத்திட்டு, 1692இல் நடைமுறைக்குக் கொண்டுவந்ததாகக் கதை. சூனியக்காரர்கள் என்று சொல்லி மனிதர்கள் துரத்தித் துரத்தித் தாக்கியதால், மந்திரம் தெரிந்தவர்கள் ஒட்டுமொத்தமாகத் தலைமறைவாக முடிவெடுத்தார்கள். அன்றிலிருந்து மந்திர உலகின் அரசியல் சாசனம் என்றால் அது இதுதான். அமைச்சகங்கள், நீதிமன்றம், சிறை, பள்ளிக்கூடம் எல்லாமே இந்த ஒரு ரகசியத்தைக் காப்பதற்காக இயங்குகின்றன. ரோலிங்கின் உலகில் மந்திரத்துக்கு ஒரு மந்திரியும் உண்டு. அவர் பதவியில் நீடிப்பதா இல்லையா என்பதுகூட இந்த ரகசியம் கசியாமல் இருப்பதைப் பொறுத்தது.

வேடிக்கை என்னவென்றால், ஏழு நாவல்களிலும் இந்தச் சட்டத்தின் முழு வாசகம் எங்கும் கிடையாது. ரோலிங் அதைத் துண்டு துண்டாகத்தான் காட்டுகிறார். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு ஆந்தை கொண்டுவரும் எச்சரிக்கைக் கடிதத்தில் 13ஆம் பிரிவு வருகிறது. மந்திரம் தெரியாதவர்கள் கவனிக்கும்படி மந்திரம் செய்வது கடுமையான குற்றம் என்கிறது அது. டிராகன் முதலான ஜீவராசிகளை மறைத்து வைப்பது அந்தந்த நாட்டு மந்திர அரசின் பொறுப்பு என்று சொல்லும் 73ஆம் ஷரத்து 1750இல் சேர்க்கப்பட்டது. பதினேழு வயசு நிரம்பாதவர்கள் பள்ளிக்கு வெளியே மந்திரம் செய்யக்கூடாது என்ற ஆணை 1875இல் வந்தது. இன்னொரு விதியின்படி, மனிதர் அல்லாத எந்த ஜீவனும் மந்திரக்கோல் வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டப் புத்தகத்தைப் படித்துச் சட்டம் தெரிந்துகொண்டவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? நோட்டீஸ் வரும்போது, அபராதம் விழும்போது, வாய்தாவுக்குப் போகும்போதுதான் சட்டம் தெரியவரும். ரோலிங்கின் சட்டம் நிஜம் போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஓட்டைகளும் நிஜம் போலவே இருக்கின்றன. ஆர்தர் வீஸ்லி என்ற அதிகாரி, சாதாரண மனிதர்களின் சாமான்களுக்கு மந்திரம் போடுவதைத் தடுக்கும் இலாகாவில் வேலை பார்ப்பவர். அந்த விதியை எழுதியவரும் அவரே. எழுதும்போதே ஒரு சந்து விட்டு எழுதுகிறார். காரைப் பறக்கவிடும் எண்ணம் இல்லாதவரை, பறக்கக்கூடிய காரை வைத்திருப்பது குற்றமில்லை! அவர் வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு ஃபோர்டு கார் நிற்கிறது. பிள்ளைகள் அதை ஓட்டிவிட, அப்பாவுக்கு 50 கேலியன் அபராதம். ராபர்ட்ஸுக்கு என்ன ஆயிற்று என்று தன் பிள்ளைகளுக்கு விளக்கிய அந்த நல்ல மனிதரும் இவர்தான். ரோலிங்கின் நையாண்டி நல்லவர்களையும் விட்டுவைப்பதில்லை.

சட்டம் முழு பலத்தோடு வெளிப்படுவது ஐந்தாவது நாவலில் (2003). பதினைந்து வயசு ஹாரியையும் அவனுடைய பெரியம்மா மகன் டட்லியையும் ஒரு சந்தில் டிமென்டர்கள் என்ற ஜந்துக்கள் தாக்குகின்றன. உயிரை உறிஞ்சும் ஜந்துக்கள். ஹாரி மந்திரம் போட்டு இருவரையும் காப்பாற்றுகிறான். ஆகஸ்ட் 12 அன்று முழு நீதிமன்றமும் கூடி ஒரு பையனை விசாரிக்கிறது. 1875 ஆணை, 13ஆம் பிரிவு, இரண்டையும் மீறினான் என்பது குற்றச்சாட்டு. உயிருக்கு ஆபத்து வந்தால் மந்திரம் செய்யலாம் என்று அதே ஆணையில் விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் ஆபத்து வந்ததற்குச் சாட்சி வேண்டுமே? பக்கத்துத் தெருவில் பூனைகளோடு வாழும் ஃபிக் என்ற மூதாட்டி வந்து சொல்கிறார். மந்திரவாதிகளின் வம்சத்தில் பிறந்தும் மந்திரம் வராதவர். இவரைப் போன்றவர்களுக்கு டிமென்டர் கண்ணில் தெரியுமா என்று மந்திரியே சந்தேகிக்கிறார். கடைசியில் பெரும்பான்மை ஹாரியை விடுவிக்கிறது.

வாசகர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இந்த விசாரணையில் உண்டு. அன்று தாக்கப்பட்டவர்கள் இருவர். ஒருவன் குற்றவாளிக் கூண்டில் இருக்கிறான். இன்னொருவன் டட்லி. அவனை யாரும் அழைக்கவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்றுகூட நீதிமன்றம் கேட்கவில்லை. இந்தச் சட்டத்தில் மந்திரம் தெரியாதவன் ‘மகிள்’ என்று அழைக்கப்படுகிறான். ரகசியம் அவனிடமிருந்து காக்கப்படவேண்டியது. அவன் புகார் கொடுக்க முடியாது, சாட்சி சொல்ல முடியாது. அப்படியொரு சட்டம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

பிரதமருக்குத் தெரியும். ஆறாவது நாவலின் (2005) முதல் அத்தியாயத்தில் மந்திர அமைச்சர் பிரிட்டிஷ் பிரதமரின் அறைக்குக் கணப்பு வழியாக வந்து இறங்குகிறார். முன்பொரு முறை இப்படித்தான் வந்து, ஒரு போட்டிக்காக மூன்று வெளிநாட்டு டிராகன்களையும் ஒரு ஸ்பிங்க்ஸையும் நாட்டுக்குள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆபத்தான பிராணிகளை இறக்குமதி செய்தால் தெரிவிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, அதற்காகத்தான் வந்தாராம். அனுமதி கேட்கவேண்டும் என்று விதி இல்லை. ஒரு ஜனநாயக நாட்டின் தலைவர் வாயடைத்து நிற்கிறார். வெளியே சொல்லலாம் என்றால் யார் நம்புவார்கள்? தன்னைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய நினைவை யாரும் அழிக்கவேண்டிய அவசியமே இல்லை.

இந்தச் சட்டத்தை ஒரேயடியாகக் கெட்டது என்று தள்ளிவிடவும் முடியாது. அதை எடுத்தெறிய விரும்பிய ஒருவனை ஏழாவது நாவல் (2007) காட்டுகிறது. கிரிண்டல்வால்ட் என்ற அவனுடைய திட்டம், ரகசியத்தை உடைத்து மந்திரவாதிகள் வெளியே வந்து மற்றவர்களை ஆளவேண்டும் என்பது. ஆளப்படுகிறவர்களின் நன்மைக்காகத்தான் அதுவும்! ஆள்வதைவிட ஒளிந்திருப்பது மேல் என்று பார்த்தால், 1689இன் கையெழுத்து மந்திரவாதிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விலங்கு. ஆனால் அந்த விலங்கின் பாரத்தைச் சுமப்பது ராபர்ட்ஸ்.

ரோலிங் தேர்ந்தெடுத்த ஆண்டுகள் சும்மா வந்தவை அல்ல. நடைமுறைக்கு வந்த ஆண்டான 1692, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் சேலம் சூனிய வழக்குகள் நடந்த அதே ஆண்டு. வட அமெரிக்க மந்திர உலகின் சரித்திரத்தைப் பற்றி 2016இல் எழுதியபோது ரோலிங்கே சேலத்தைச் சேர்த்துக்கொண்டார். கற்பனைச் சட்டமும் நிஜச் சட்டமும் சந்திக்கும் இடம் அது. சந்தித்த இடத்திலேயே இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

மூன்றாவது நாவலில் (1999) ஹாரி விடுமுறைப் பாடமாக ஒரு கட்டுரை எழுதுகிறான். மத்திய காலத்தில் சூனியக்காரிகளை எரித்தது வீண் வேலை என்பது தலைப்பின் சாரம். நிஜமான சூனியக்காரி தீயைக் குளிரவைக்கும் மந்திரத்தைச் சொல்லிவிட்டு, வலிப்பது போல் அலறி நடிப்பாளாம். வெண்டலின் என்ற ஒருத்திக்கு அந்தக் கிச்சுக்கிச்சு பிடித்துப்போய், வேஷம் மாற்றி மாற்றி 47 முறை பிடிபட்டாளாம். குழந்தைகள் சிரிக்க எழுதிய பகுதி இது. பெரியவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நிஜத்தில் பிடிபட்டவர்களில் ஒருவருக்கும் அந்த மந்திரம் தெரியாது.

சேலத்தில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவர் வழக்கில் பதில் சொல்ல மறுத்ததால், மேலே கல்லை ஏற்றி ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். இன்னும் சிலர் சிறையில் செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவி வந்து தன்னைக் கிள்ளியது என்று ஒருவர் சொன்னால் அதுவே சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்னால், 1682இல், இங்கிலாந்தின் பிடிஃபோர்டு ஊரைச் சேர்ந்த மூன்று ஏழைப் பெண்கள் சூனியக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். மந்திரம் இருப்பவர்கள் ஒளிந்துகொள்வதற்கு நாவலில் சட்டம் இருந்தது. மந்திரம் இல்லாதவர்களைத் தேடிப் பிடிப்பதற்கு நாட்டில் சட்டம் இருந்தது.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1735இல் கொண்டுவந்த சூனியச் சட்டம் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. சூனியம் செய்தார் என்று இனி யார்மீதும் வழக்குப் போட முடியாது. சூனியம் தெரியும் என்று பாசாங்கு செய்வதுதான் குற்றம், அதிகபட்சம் ஓராண்டு சிறை. மந்திரம் என்று ஒன்று கிடையாது என்பதே இந்தச் சட்டத்தின் அஸ்திவாரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அது உயிரோடு இருந்தது. ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் 1944இல் இதன்படி ஒன்பது மாதம் சிறை சென்றார். 1951இல்தான் இதை நீக்கி வேறு சட்டம் கொண்டுவந்தார்கள்.

சட்டம் மாறியது. செத்தவர்களின் பெயரில் எழுதிய குற்றம் அழிய இன்னும் வெகு காலம் ஆயிற்று. சேலம் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட எலிசபெத் ஜான்சன் என்ற இளம்பெண் தூக்கிலிருந்து தப்பினார். ஆனால் 1693இல் விழுந்த தீர்ப்பு அப்படியே நின்றது. பின்னால் மற்றவர்களை விடுவித்த பட்டியல்களில் அவர் பெயர் விட்டுப்போனது. மாசசூசெட்ஸில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, சட்டமன்றத்துக்கு எழுதி, விடாமல் நச்சரித்தார்கள். 2022இல் அவர் குற்றமற்றவர் என்று ஆனது. 329 ஆண்டுகள்! அதே 2022 மார்ச்சில், ஸ்காட்லாந்தில் சூனியச் சட்டத்தின்கீழ் வேட்டையாடப்பட்டவர்களுக்காக அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் மன்னிப்புக் கேட்டார். யாரோ சிலர் மறக்காமல் இருந்ததால் நடந்தவை இவை.

இதெல்லாம் சீமைக் கதை என்று ஒதுக்கிவிட இந்தியாவுக்கு வசதி இல்லை. கொலைகளின் காரணங்களை வகைப்படுத்தும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் ‘சூனியம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு நேரே பூஜ்யம் வருவதில்லை.

மந்திரத்தைப் பற்றிய சட்டம் இங்கேயும் பழசு. 1954இன் மருந்துகள் மற்றும் மாந்திரீகப் பரிகாரங்கள் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி வரையறுத்து, நோய் தீர்க்கும் என்று அவற்றை விளம்பரம் செய்வதைத் தடுத்தது. சூனியக்காரி என்று பட்டம் கட்டுவதைக் குற்றமாக்கும் சட்டத்தை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது பீகார், 1999இல். ஜார்க்கண்ட் 2001இல் அதையே எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணை ‘டாயன்’ என்று சுட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சித்திரவதை செய்தால் ஆறு மாதம், இரண்டாயிரம் ரூபாய். ஆர்தர் வீஸ்லியின் 50 கேலியன் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. சத்தீஸ்கர் 2005இலும், ஒடிசா 2013இலும், ராஜஸ்தானும் அஸ்ஸாமும் 2015இலும் தனித்தனியே சட்டம் இயற்றின. மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் பல ஆண்டுகள் போராடிய சட்டம், 2013 ஆகஸ்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில் அவசரச் சட்டமாக வந்தது.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் உயிர் எங்கிருந்து வருகிறது? ஜார்க்கண்டின் சரைகேலா-கர்சாவான் மாவட்டத்துச் சுட்னி மஹதோவைக் கேட்டால் தெரியும். 1995இல் அவருக்குச் சூனியக்காரி என்று பட்டம் கட்டி, கொடுமைப்படுத்தி, பிள்ளைகளோடு ஊரைவிட்டு விரட்டினார்கள். நடந்ததை அவர் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். அதே பட்டம் கட்டப்பட்ட மற்ற பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களுக்காகக் காவல் நிலையம் ஏறினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு அஸ்ஸாமின் பீருபாலா ராபாவுக்கும் பத்மஸ்ரீ. கிராமம் கிராமமாகப் போய், சூனியக்காரி என்று யாரும் இல்லை என்று சொன்னவர். 2024இல் காலமானார்.

சூனியக்காரி என்று சொல்லப்பட்ட பெண்ணிடம் ஒரு சக்தியும் இல்லை. இருந்திருந்தால் முதல் கல் விழும் முன்பே காட்டியிருப்பாள். அவளிடம் இருப்பது நடந்ததைப் பற்றிய நினைவும் அதைச் சொல்லும் வாயும்தான். அந்த வாயை மூடுவதற்கு மந்திரக்கோல் தேவையில்லை. ஊர்ப் பஞ்சாயத்து போதும். போலீஸில் எழுதாமல் விட்டால் போதும். போனது போகட்டும், மறந்துவிடு என்று சொல்லும் சொந்தக்காரர்கள் போதும்.

ரோலிங்கின் கதையில் மறக்கடிப்பு அன்பின் பேராலும் நடக்கிறது. கடைசி நாவலில் ஹெர்மியோனி தன் பெற்றோரைக் காப்பாற்றுவதற்காக, தங்களுக்கு ஒரு மகள் இருப்பதையே அவர்கள் மறக்கும்படி செய்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுகிறாள். அவர்களைக் கேட்டுச் செய்ததல்ல. வாசகருக்குக் கண் கலங்குகிறது, மகளுக்காக. பெற்றோர் எதை இழந்தார்கள் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது.

போர் முடிந்து கொடியவன் வீழ்ந்த பிறகும் ரகசியச் சட்டம் அப்படியே இருக்கிறது. பத்தொன்பது ஆண்டு கழித்து வரும் கடைசி அத்தியாயத்தில் ஹாரியின் நண்பன் ரான் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய சந்தோஷத்தில் இருக்கிறான். தேர்வு வைத்தவரை மந்திரத்தால் கொஞ்சம் குழப்பிவிட்டதை நண்பனிடம் மட்டும் ரகசியமாக ஒப்புக்கொள்கிறான். ரான், ஆர்தர் வீஸ்லியின் மகன். அப்பாவின் கார் பறந்த அன்று அதில் இருந்தவன். கதை சுபம். லைசென்ஸ் கொடுத்த அந்த அதிகாரி அன்று மாலை வீட்டுக்குப் போய், நாள் எப்படி இருந்தது என்று மனைவி கேட்டபோது, ஒன்றும் விசேஷமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.